ஒரு விரற்கடை

யார் வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் மனிதர்களைப் பார்ப்பதில்லை, சுவரைத்தான் பார்ப்பார். அங்கே மாட்டியிருக்கும் படம் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால் போதும், உதடு ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, செத்துப்போனவரின் படத்தை எட்டி நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் விரல் நீளத்துக்கு, சாய்வு பார்க்கும் குமிழி வைத்த ரசமட்டம் ஒன்று வைத்திருப்பார். தெருவும் அவரை ரசமட்டம் என்றுதான் சொன்னது. அதைக் கேலி என்று அவர் ஒருநாளும் எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் தனக்குக் கொடுத்த பட்டம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

படங்களுக்கு ஃப்ரேம் போடும் கடை அவருடையது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடை முழுக்க ஒரே ஒரு பெரிய மேஜை. அதன்மேல் கண்ணாடி அறுப்பார், மரச்சட்டம் வெட்டுவார், வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து மனசுக்குள் காறித் துப்புவார். பட்டமளிப்புப் படம் கொண்டுவருகிறவன் படியிறங்கியதும், "இந்தக் கறுப்புத் துணியைப் போத்திக்கிட்டு நிக்கிறதுக்கா இவன் அத்தனை வருஷம் படிச்சான்?" என்பார். கல்யாணப் படம் வந்தால், "இந்த மூஞ்சிக்குத் தங்கக் கலர் சட்டம் ஒரு கேடு" என்பார். கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதில்லை. மேஜைக்கு அடியோரமாக, தரையில், குட்டை ஸ்டூலில் மனைவி எப்போதும் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குச் சொன்னாரா சுவருக்குச் சொன்னாரா என்பது அவருக்கே தெரியாது.

ஒன்றில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. துணியிலும் கம்பளியிலும் புடைப்பாகச் செய்த வேலைப்பாடுகளுக்கு ஃப்ரேம் போடுவது. பஞ்சு அடைத்து எழுப்பிய பூ, முடிச்சு முடிச்சாகத் தொங்கும் கம்பளி, மடித்து மடித்துத் தைத்த துணி மலை, இந்த மாதிரி மேடுபள்ளமான சமாச்சாரங்களைச் சாதாரண ஃப்ரேமில் போட்டால் கண்ணாடி அமுக்கிக் கொன்றுவிடும். அதற்கு ஆழமான பெட்டி வேண்டும். அட்டைக்குத் துணி போர்த்தி, வளைந்த ஊசியால் அட்டையோடு சேர்த்துத் தைத்து நிறுத்தி, நாலு பக்கமும் உள்ளே மறைவாகக் கட்டை கொடுத்து, கண்ணாடியைத் தள்ளி வைக்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவர் சுற்றுவட்டாரத்தில் தான் ஒருவர்தான் என்பதை வருகிறவர்களுக்கெல்லாம் அவர் பாடமே எடுப்பார்.

"நூல் கண்ணாடியைத் தொடவே கூடாது. தொட்டா வேர்க்கும். வேர்த்தா பூஞ்சை புடிக்கும். நூலும் நம்மளை மாதிரிதான், மூச்சு விடணும். எல்லாத்தையும் விட மேல நிக்கிற நூல் எதுவோ, அதுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு வெரக்கடை. அதுல இம்மி கொறைஞ்சா அது ஃப்ரேம் இல்ல, சவப்பெட்டி."

கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். பெட்டி என்னவோ அவர் செய்வதுதான். அந்த வளைந்த ஊசி மட்டும் அவர் கையில் ஏறியதே கிடையாது. அது மனைவியின் வேலை. இரண்டு கட்டைகளின் மேல் அட்டையைக் கிடத்தி, ஒரு கை மேலே, ஒரு கை கீழே வைத்துத் தைக்க வேண்டும். மேஜையில் வைத்தால் கீழே கை போகாது. அதனால் தரையில் ஸ்டூல். தையல் வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் பிரி என்பார். அவள் பிரிப்பாள். முடிந்த பெட்டியைப் பார்த்து, "எப்படிங்க இது அந்தரத்துல நிக்கிற மாதிரி நிக்குது?" என்று வாடிக்கையாளர்கள் வாய்பிளந்தால், "அதெல்லாம் கைவாகு" என்று தன் கையையே பார்த்துக்கொள்வார். மேஜை உயரத்துக்குக் கீழே ஒருத்தி இருப்பது வாடிக்கையாளர்களின் கண்ணில் படுவதில்லை.

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. கடைக்குள் வெறுங்காலோடுதான் நிற்பார். கண்ணாடி அறுக்கும் இடத்தில் வெறுங்காலா என்று யாராவது பதறினால் அவருக்குக் குளுகுளுவென்று இருக்கும். "தரையில ஒரு கண்ணாடித் துகள் கெடந்தா அது என் கடை இல்ல" என்பார். காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் ஈரத்துணியால் ஒத்தி ஒத்தித் துகளை எடுப்பவள் ஸ்டூலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பாள். அந்தக் காலைப் பற்றி ஒரு வீரக்கதையும் இருந்தது. முன்பு ஒருமுறை ஒரு முழுக் கண்ணாடி கை நழுவியது. அவர் காலை நீட்டித் தடுத்தார். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. வலதுகால் கட்டைவிரல்தான் உடைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நகம் இரண்டாகப் பிளந்து வளர்ந்தது. தெருவில் இந்தக் கதையைக் கேட்காதவர்கள் இல்லை, அந்த விரலைப் பார்க்காதவர்களும் இல்லை. கதை சொல்லும்போது விரலைத் தூக்கிக் காட்டுவார்.

எதிர்வரிசையில் இன்னொரு ஃப்ரேம் கடை இருந்தது. அந்தக் கடைக்காரனுக்கு இவர் வைத்த பெயர் கோந்து. எதையும் ஒட்டிக் கொடுத்துவிடுவான். படத்தை ஒட்டுவான், துணியை ஒட்டுவான், உடைந்த சட்டத்தையும் ஒட்டிப் புதுசு என்று கொடுப்பான். சிரித்துக்கொண்டே இருப்பான். அதுதான் இவருக்கு இன்னும் எரிச்சல். "என் கால் தூசுக்குப் பெறுவானா அவன்?" என்று நாளைக்கு ஒருதடவையாவது சொல்லாவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது.

அன்றைக்கு மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மரம் ஊதி, மூலை சேராமல் அவரைப் படுத்திக்கொண்டிருந்த நேரத்தில் டாக்டரம்மா வந்தாள். பல் டாக்டராக இருந்து ஓய்வுபெற்றவள். பொழுதுபோகாமல் கம்பளியில் ஆடு செய்ய ஆரம்பித்து, இப்போது அதை நிறுத்த முடியாமல் இருந்தாள். கொண்டுவந்த பையிலிருந்து ஆளுயரத்தில் பாதிக்கு ஒரு வெள்ளை ஆட்டை எடுத்து மேஜையில் கிடத்தினாள். கொசகொசவென்று சுருள் சுருளாக மயிர், புடைத்த வயிறு.

"நூலகக் கூடத்துல நாங்க பெண்கள் எல்லாம் சேர்ந்து கைவேலைக் கண்காட்சி வைக்கிறோம். போன வருஷம் வந்தவங்க எல்லாம் கையை வச்சுப் பிச்சு எடுத்துட்டாங்க. அதனால இந்தத் தடவை கண்ணாடி போட்ட ஃப்ரேம் இருந்தாத்தான் சுவர்ல ஏத்தறதுன்னு முடிவு பண்ணிட்டோம். அடுத்த வாரக் கடைசிக்குள்ள வேணும். முடியுமா?"

"என்னால முடியாதுன்னா வேற யாரால முடியும்? வச்சுட்டுப் போங்க."

டாக்டரம்மா குடையை எடுக்கத் திரும்பியபோது, மேஜைக்குக் கீழேயிருந்து அவர் மனைவி எழுந்து நின்றாள். கையில் ஒரு மூட்டை. பழைய போர்வையில் சுற்றியிருந்தது.

"ஏங்க, அதோட இதுக்கும் ஒரு பெட்டி போட்டுக் குடுங்க. நானும் கண்காட்சிக்கு வைக்கிறேன்."

"நீயா?"

"பேரு குடுத்துட்டேன். டாக்டரம்மாகிட்டதான் குடுத்தேன்."

"ஆமாங்க," என்றாள் டாக்டரம்மா, கொஞ்சம் சங்கடத்தோடு. "நான் இன்னும் பாக்கல. காட்டும்மா."

அவள் போர்வையைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். பழுப்பும் சாம்பலுமான கம்பளியில் இரண்டு தடித்த உருண்டை நீட்டங்கள். ஒன்று தட்டையாகப் படுத்திருந்தது, இன்னொன்று பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. தூக்கிய பக்கத்தில் வெடிப்பு வெடிப்பாகப் பிளவுகள், ஒவ்வொரு பிளவுக்குள்ளும் மஞ்சள் நூலைப் பொடிப்பொடியாக நறுக்கித் திணித்திருந்தாள். படுத்திருந்ததன் நுனியில் சின்னதும் பெரியதுமாகக் குமிழ்கள், அதில் பெரிய குமிழ் மட்டும் கூட்டத்தை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கிச் சாய்ந்திருந்தது. பிள்ளை பெற்றவள் பிள்ளையைத் துடைப்பதுபோல் அவள் அதன்மேல் ஒட்டியிருந்த போர்வைப் பிசிரை எடுத்தாள்.

டாக்டரம்மா குனிந்து பார்த்தாள். பிறகு ரசமட்டத்தின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேஜைக்குக் கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவருக்கு அது அருவருப்பாகப் பட்டது. தன் மனைவிக்காகத் தானே வெட்கப்பட்டார்.

"என்னடி இது, கரணைக்கிழங்கா?"

"பாத்தாத் தெரியலயா?"

"தெரியுது. ஒண்ணு செத்த பெருச்சாளி. இன்னொண்ணு அதுக்குப் பக்கத்துல குப்புறப் படுத்து அழுவுது." டாக்டரம்மா சிரிக்கிறாள் என்று நினைத்து அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஆட்டுமயிர்ல ஆடு பண்றாங்களே, அதையாவது ஆடுன்னு சொல்லிடலாம். இது எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் கீழ? இதைக் கொண்டுபோய் நாலு பேர் நடுவுல மாட்டி, கீழ என் பேரையும் போட்டு... த்தூ!"

"உங்க பேரைப் போடல. என் பேரைத்தான் போட்டிருக்கேன்."

"உன் பேரைப் பாத்தா யார் பொண்டாட்டின்னு ஊருக்குத் தெரியாதா? நல்ல மரத்தை அறுத்து இந்தக் குப்பைக்குச் செலவு பண்ண நான் என்ன பைத்தியக்காரனா? வேணும்னா ரெண்டு பலகைக்கு நடுவுல வச்சு மேல கல்லைத் தூக்கி வை. நாலு நாள்ல தட்டையாயிடும். பழைய ஃப்ரேம் ஒண்ணு கெடக்கு, அதுல போட்டுத் தரேன்."

அவள் போர்வையை மறுபடி சுற்றினாள். ஊரார் வீட்டுப் பூவையும் கிளியையும் மலையையும் அட்டையில் நிறுத்தி நிறுத்தியே விரல்நுனி தடித்துப்போனவள் அவள். எல்லாம் சுவர் ஏறிப் போயின. தன் கையால் செய்தது ஒன்று, தன் பெயரோடு, ஒரே ஒரு தடவை சுவரில் ஏறவேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

டாக்டரம்மா போனபிறகு, அவர் ஆட்டை எடுத்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதை நாளைக்குள்ள அட்டையில ஏத்திடு."

"இனிமே உங்க தையலை நீங்களே போட்டுக்குங்க," என்றாள் அவள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவருக்குப் புரிந்திருக்கும். பால் வாங்கவேண்டும் என்பதுபோல் சொல்லிவிட்டு, மூட்டையைக் கக்கத்தில் இடுக்கி, மழையில் தெருவைக் கடந்து நேராகக் கோந்துவின் கடைக்குள் ஏறினாள்.

அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். எதிரே அவன் நாற்காலியை எடுத்துப் போட்டான். அவள் உட்கார்ந்தாள். மூட்டையைப் பிரித்தாள். அவன் பார்த்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், சிரித்து முடித்து இவர் பக்கம் ஒரு பார்வை பார்த்து, மறுபடி சிரித்தான். இவருக்கு உள்ளூரத் திருப்தியாக இருந்தது. அந்தக் கழுதைக்கே சிரிப்பு வருகிறதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று, யாரும் இல்லாத கடையில், சத்தமாகவே சொன்னார்.

வீட்டில் சோறு வெந்தது, தட்டில் விழுந்தது, பேச்சு மட்டும் இல்லை. தட்டை வைத்துவிட்டு அவள் பின்கட்டுக்குப் போய்விடுவாள். அங்கே தன்னுடைய அட்டையைக் கட்டைமேல் கிடத்தித் தைத்துக்கொண்டிருப்பாள். கடையைப் பெருக்கவும் வரவில்லை. ஒரு நாள் பார்த்தார், இரண்டு நாள் பார்த்தார். ஆடு மேஜைமேல் நாலு காலையும் நீட்டிக்கொண்டு கிடந்தது. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் அவரே கதவைச் சாத்திவிட்டு வளைந்த ஊசியைத் தேடி எடுத்தார். பொம்பளை தைக்கிற தையல்தானே, இதற்கு என்ன பெரிய வித்தை வேண்டிக்கிடக்கிறது என்று குட்டை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

முழங்கால் முகவாயில் இடித்தது. ஊசி அட்டைக்குள் நேராகப் போனது, திரும்பி வர மறுத்தது. வந்தபோது அவர் விரல் வழியாக வந்தது. ஆட்டின் வெள்ளை வயிற்றில் அவருடைய இரத்தம் ஒரு பொட்டாக விழுந்தது. எச்சிலைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். அது சிவப்பிலிருந்து பழுப்பானது. அந்த நேரம் பார்த்து மகள் வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். வேலை முடிந்து, கதவைத் தள்ளிக்கொண்டு வந்து மேஜைப் பக்கம் நின்றாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"தெரியல? ஆட்டுக்குப் பிரசவம் பாக்கறேன்."

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா இந்தக் கூத்தெல்லாம் தேவையா?"

"எதுக்குக் கேக்கணும்? அந்தக் கரணைக்கிழங்கைக் கரணைக்கிழங்குன்னு சொன்னதுக்கா?"

"அது கரணைக்கிழங்கா? நெசமாவே உங்களுக்கு அது என்னன்னு தெரியல?"

"எனக்கு எதுக்குத் தெரியணும்?"

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. அம்மாவும் மகளும் பின்கட்டில் பேசிச் சிரிக்கிற சிரிப்பு அது. முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று நிமிர்ந்தார். கழுத்தை எவ்வளவு வளைத்தாலும் மேஜையின் அடிப்பலகைதான் தெரிந்தது. அதில் காய்ந்துபோன பசைத்துளிகள், ஒரு சிலந்திக்கூடு. மேஜைக்குக் கீழே மகளின் கால்கள். அவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள். பேச்சு எங்கேயோ மேலேயிருந்து வந்தது.

"நூலுக்கு மூச்சு முட்டும், வெரக்கடை விடணும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்க. அம்மாவுக்கு என்னைக்காவது அரை வெரக்கடை விட்டிருக்கீங்களா?"

"வந்துட்டா ஞாயம் பேச. போடி உள்ள."

கால்கள் உள்ளே போயின. அவர் ஆட்டுக்குத் திரும்பினார். நாலு தையலுக்குப் பதில் பத்துத் தையலாகக் குத்தினார். தெரிந்த தையல்களின் மேல் ஆட்டு மயிரை இழுத்து மூடினார். பெட்டியை மட்டும் வைத்த கண் வாங்காமல் செய்தார். மூலை நான்கும் ஒரு முடிகூட நுழையாதபடி சேர்ந்தன. புடைத்த வயிற்றுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சரியாக ஒரு விரற்கடை. தூக்கி நிறுத்திப் பார்த்தபோது ஆடு நின்றது. கண்காட்சிக்கு முதல்நாள் டாக்டரம்மா ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டாள்.

அதே நாள் எதிர்க்கடையிலிருந்து கோந்து ஒரு பெட்டியைச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கிளம்பினான். இவரைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினான்.

"அண்ணே, என்கிட்ட இருக்கிற சட்டத்துல இதான் பெரிய ஆழம். அண்ணிகிட்ட அப்பவே சொல்லிட்டேன், மேல கொஞ்சம் முட்டும்னு. பரவால்லன்னுட்டாங்க. தையல் எல்லாம் அவங்களே போட்டுட்டு வந்துட்டாங்க, நான் கோந்துல கையே வைக்கல. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

"உன்கூட எனக்கு என்ன பேச்சு? வேலையைப் பாத்துக்கிட்டுப் போ."

"சரிண்ணே. ஆனா கண்காட்சிக்கு வந்துடுங்க. நீங்க இல்லாம நல்லா இருக்காது," என்று சொல்லிவிட்டு, அடக்கமாட்டாமல் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

முட்டும் என்று அவன் சொன்னதே இவருக்குப் போதுமானதாக இருந்தது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ராத்திரி நன்றாகத் தூங்கினார். மறுநாள் சலவைச் சட்டை போட்டு, பையில் ரசமட்டத்தைச் செருகிக்கொண்டு நூலகக் கூடத்துக்குப் போனார். தரைக்கு விரிப்புப் போட்டிருந்ததால் எல்லாரும் செருப்பை வாசலில் விட்டிருந்தார்கள். இவரும் விட்டார்.

முதலில் கண்ணில் பட்டது டாக்டரம்மாவின் பெட்டி. என்ன பெட்டி! கிட்டப் போய் ரசமட்டத்தை மேல்சட்டத்தில் வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. அதன்பிறகுதான் உள்ளே பார்த்தார். ஆடு பாரம் தாங்காமல் தையலைப் பிய்த்துக்கொண்டு, ராத்திரியே சரிந்து, பெட்டியின் அடிமூலையில் தலைகீழாக ஒடுங்கிக் கிடந்தது. வயிற்றில் அந்தப் பழுப்புப் பொட்டு நேராக இவரைப் பார்த்தது.

"பெட்டி ரொம்ப அழகா இருக்குங்க," என்றாள் பக்கத்தில் வந்து நின்ற டாக்டரம்மா. எத்தனையோ பேரின் பல்லைப் பிடுங்கிய குரல் அது. "என் ஆடுதான் செத்துப்போச்சு. காலையிலருந்து வர்றவங்க எல்லாம் இது என்ன, கசாப்புக்கடையான்னு கேக்கறாங்க. திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க, கண்ணால பாக்க முடியல."

ஈரக்காற்று, கூட்டத்தில் யாரோ இடித்திருப்பார்கள், சுவரில் ஆணி சரியில்லை என்று என்னென்னவோ அவர் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கூடத்தின் கோடியில் ஒரு சிரிப்புச் சத்தம். ஒரு கும்பலே நின்றுகொண்டிருந்தது. தெருக்காரர்கள்தான் பாதிப் பேர். டீக்கடைக்காரர் இருந்தார், தையல்கடைக்காரி இருந்தாள், கோந்து எல்லாருக்கும் முன்னால் நின்றிருந்தான். தன் தலைவிதியை மறக்க நல்ல இடம் கிடைத்தது என்று இவர் அந்தப் பக்கம் நடந்தார். அந்தக் கரணைக்கிழங்கைப் பார்த்துத்தான் ஊர் சிரிக்கிறது, நானும் நாலு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்தார்.

அவர் வருவதைப் பார்த்ததும் கும்பல் வழிவிட்டது. யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் கீழே பார்த்தார்கள். டீக்கடைக்காரர் குனிந்தே பார்த்தார். பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார், மறுபடி குனிந்தார்.

"அட, பொளந்த நெகம்கூட அப்படியே இருக்குப்பா!"

அவரும் குனிந்து பார்த்தார். விரிப்பின்மேல் தன்னுடைய இரண்டு கால்கள். வெளியே சாய்ந்த கட்டைவிரல், இரண்டாகப் பிளந்த நகம். நிமிர்ந்தார். சுவரில், முகத்துக்கு நேரே, அதே கால்கள். தரையோடு தரையாக உட்கார்ந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. ஒரு கால் ஊன்றியிருந்தது. இன்னொன்று குதிகாலைத் தூக்கியிருந்தது. கண்ணாடி அறுக்கும்போது அழுத்தம் கொடுக்க அவர் அப்படித்தான் எம்பி நிற்பார். அப்படி நிற்பது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது. குதிகால் வெடிப்புகளுக்குள் அப்பியிருந்த மஞ்சள் நூல்தான் மரத்தூள். கணுக்காலில் ஒரு பழைய தழும்பு, அது எப்போது வந்தது என்று அவருக்கு நினைவே இல்லை. ஒரு நரம்பைக்கூட அவள் விடவில்லை. அழகாக்கவும் இல்லை, அசிங்கமாக்கவும் இல்லை. உள்ளது உள்ளபடி இருந்தது, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கீழே அட்டையில் அவள் பெயர் மட்டும் எழுதியிருந்தது.

"காலைப் பாத்தே ஆளைச் சொல்லிடலாம் போல," என்றாள் தையல்கடைக்காரி. "கொஞ்சம் வெறச்சுக்கிட்டு நிக்குது பாருங்க, கால்கூட."

மறுபடி சிரித்தார்கள். செருப்பு வாசலில் கிடந்தது. காலை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்றின்மேல் ஒன்றை வைத்து மறைத்துப் பார்த்தார், அது இன்னும் கேவலமாக இருந்தது. ஊரில் இருக்கிற முகங்களையெல்லாம் எடைபோட்ட மனிதரை ஊர் கணுக்காலுக்குக் கீழே எடைபோட்டுக்கொண்டிருந்தது. மெல்லக் கும்பல் கலைந்தது. கோந்து போகிறபோக்கில், "அண்ணே, உண்மையிலேயே அண்ணி பெரிய ஆளு," என்றான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. அதற்கு அவன் சிரித்தே இருக்கலாம்.

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். திரும்பினால் மனைவி. அவரைவிட ஒரு பிடி உயரம். வீட்டில் இத்தனை வருஷம் இருந்தவள் இவ்வளவு உயரமா என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது.

"இதைத்தானா நீ பண்ணிக்கிட்டிருந்த?"

"ஆமா."

"பண்றதுக்கு உனக்கு வேற ஒண்ணும் கெடைக்கலயா? என்னைச் சந்தி சிரிக்க வைக்கணும்னே பண்ணியா?"

"இல்ல," என்றாள் அவள், யோசித்து. "எனக்குத் தெரிஞ்சதைத்தான் பண்ண முடியும். அந்த ஸ்டூல்லருந்து வேற எதுவும் தெரியாது. உங்க மூஞ்சியைப் பண்ணச் சொன்னா எனக்கு வராது."

அவர் மறுபடி சுவரைப் பார்த்தார். தொழில்காரன் கண் அல்லவா, போகவேண்டிய இடத்துக்குத் தானாகப் போனது. கோந்து போட்ட பெட்டி, ஆழம் பத்தவில்லை. எல்லாவற்றையும் விட முன்னால் துருத்திக்கொண்டு நின்ற அந்தச் சாய்ந்த கட்டைவிரல் கண்ணாடியில் முட்டி அழுந்தியிருந்தது. பிளந்த நகத்தின் கம்பளி கண்ணாடியோடு நசுங்கி வெளுப்பாகப் பரவியிருந்தது. அதைப் பார்த்ததும் அவருடைய சொந்தக் கால்விரல் ஒருமுறை சுருண்டு நிமிர்ந்தது.

"கட்டைவிரல் கண்ணாடியில முட்டுது," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"தெரியும்."

"நசுங்குதுடி. மழைநாள். உள்ள வேர்க்கும். ஒரே வருஷத்துல பூஞ்சை புடிச்சுடும். கழட்டி எடுத்துட்டு வா. நல்ல தேக்கு வச்சிருக்கேன். ஆழமா, நானே..." சட்டைப்பையிலிருந்த ரசமட்டத்தை எடுத்து மறுபடி செருகினார். அவர் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. "ஒரு வெரக்கடை விட்டுப் போட்டுத் தரேன். நசுங்காம இருக்கும்."

அவள் கண்ணாடிக்குக் கிட்டே போனாள். நசுங்கியிருந்த விரலுக்கு நேராகத் தன் விரல்நுனியை வைத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே மெல்லத் தடவிப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன விரல் அது. அவள் முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"நசுங்கட்டும்," என்றாள்.

அப்படியே திரும்பி, டாக்டரம்மாவும் மற்ற பெண்களும் டீ குடித்துக்கொண்டிருந்த பக்கம் நடந்து போனாள். அவர்கள் அவளுக்கு நடுவில் இடம் விட்டார்கள்.

இப்போதெல்லாம் அவர் கடையில் செருப்புப் போட்டுக்கொண்டுதான் நிற்கிறார். விவரம் தெரியாதவர்கள் யாராவது கேட்டால், தரையில் கண்ணாடித் துகள் கிடக்கிறது என்கிறார்.